வயலும் விளையும் தொழுவமும்

நுழையும்முன்

கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களை உள்ளடக்கிய பகுதி நாஞ்சில் நாடு எனப்படும். இங்குள்ள உழவர் குடும்பங்கள் நீண்ட காலமாக உணவின் பெரும்பகுதியைத் தம் வீட்டைச் சுற்றியே விளைவித்துக்கொண்டன. நெல் வயலிலும், காயும் கிழங்கும் கனியும் விளையிலும், பாலும் முட்டையும் தொழுவத்திலும் கிடைத்தன. இம்மூன்றும் தனித்தனித் தொழில்களாக நடைபெறவில்லை. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாக அமைந்த அவ்வாழ்முறை எவ்வாறு இயங்கியது, எங்கே தளர்ந்தது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

படப்பைக் கீரையும் சில அரிசியும்

நாஞ்சில் என்னும் சொல்லுக்குக் கலப்பை என்பது பொருள். உழுபடையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட இந்நிலப்பகுதி சங்க இலக்கியத்திலேயே இடம்பெற்றுவிட்டது. பலா மரங்கள் ஓங்கிய நாஞ்சில் மலைக்குத் தலைவனான நாஞ்சில் வள்ளுவனைப் புறநானூற்றுப் புலவர் சிலர் பாடியுள்ளனர். அவர்களுள் ஔவையார் பாடிய 140-ஆம் பாடலின் செய்தி இங்கு நினைக்கத்தக்கது. விறலியர் படப்பையில் கீரை கொய்து வைத்திருந்தனர். அதனோடு சேர்த்துச் சமைப்பதற்குச் சிறிதளவு அரிசி வேண்டினார் புலவர். வள்ளுவனோ தன் தகுதியை எண்ணி யானை ஒன்றைக் கொடுத்துவிட்டான். இப்படியும் அளவறியாத கொடை உண்டோ என்று புலவர் வியக்கிறார்.

வகுப்பறைகளில் இப்பாடல் பெரும்பாலும் வள்ளலின் கொடைச் சிறப்புக்காகவே விளக்கப்படுகிறது. ஆயினும் யானையைச் சற்று ஒதுக்கிவிட்டு மற்ற பொருள்களைப் பார்த்தால் வேறொரு செய்தி தெரியும். கீரை வீட்டுக்கொல்லையிலேயே கிடைக்கிறது. அரிசிதான் வயலுடையவரிடம் கேட்டுப் பெறவேண்டிய பொருளாக இருக்கிறது. படப்பை என்பது வீட்டையடுத்த தோட்டம். வயல் வேறு, படப்பை வேறு என்னும் பகுப்பு அன்றே இருந்தது. இன்றைய குமரி மாவட்ட மக்கள் தோட்ட நிலத்தை 'விளை' என்கின்றனர். ஊர்ப்பெயர்கள் பலவும் விளை என்றே முடிவதை இம்மாவட்டத்தின் பேருந்துப் பலகைகளில் காணலாம்.

இருபூ விளையும் வயல்

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டாலும் பயன்பெறும் மாவட்டம் கன்னியாகுமரி. ஆகவே இங்கு ஆண்டுக்கு இருமுறை நெல் விளைந்தது. சித்திரை, வைகாசியில் விதைத்துப் புரட்டாசியை ஒட்டி அறுப்பது கன்னிப்பூ. புரட்டாசி, ஐப்பசியில் நட்டு மாசியை ஒட்டி அறுப்பது கும்பப்பூ. மலையாள ஆண்டுக் கணக்கில் புரட்டாசி கன்னி மாதம். மாசி கும்ப மாதம். அறுவடை மாதத்தின் பெயரே பயிருக்கும் பெயராயிற்று. இப்பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இணைந்திருந்ததன் தடத்தை இப்பெயர்களில் காண்கிறோம்.

கன்னிப்பூவுக்குப் பெரும்பாலும் பொடிவிதைப்பு. புழுதியாக உழுத நிலத்தில் மழையை எதிர்நோக்கி விதைப்பது அது. நீர் கட்டிச் சேறாக்கி விதைப்பது தொளிவிதைப்பு. மழை பிந்தினால் பொடிவிதை எறும்புக்கும் பறவைக்கும் இரையாகும். அந்த அச்சத்தைப் பெருமளவு குறைத்தது பேச்சிப்பாறை அணை. கோதையாற்றின் குறுக்கே மூலம் திருநாள் மன்னர் காலத்தில் மிஞ்சின் என்னும் ஐரோப்பியப் பொறியாளரின் மேற்பார்வையில் கட்டப்பட்ட இவ்வணை 1906-இல் நிறைவுற்றது. அதன்பின் கால்வாய் நீர் கடைமடைவரை செல்ல, திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்னும் பெயர் நாஞ்சில் நாட்டுக்கு நிலைத்தது.

ஆனாலும் அரிசி ஆண்டு முழுவதும் தடையின்றிக் கிடைத்ததாக எண்ணிவிடக் கூடாது. மாசியில் அறுத்த நெல் பத்தாயத்தில் ஏறும். விதைக்கும் கூலிக்கும் கடனுக்கும் போக எஞ்சியது ஆனி வரை வரும். ஆடியில் பத்தாயத்தின் அடிப்பலகை தெரியத் தொடங்கும். கன்னிப்பூவோ அப்போது பச்சையாக வயலில் நிற்கும். கொட்டும் மழையில் கூலி வேலையும் இராது. அரிசி இல்லாத அந்தச் சில வாரங்களில் வீட்டாரின் பசியாற்றியது விளைதான்.

அடுக்கடுக்காய் விளை

விளையில் வெற்றிடம் இராது. மேலடுக்கில் தென்னை, அதனினும் சற்றுத் தாழ்வாகப் பலா, மா, அயினி, அவற்றின் தண்டைப் பற்றிப் படரும் நல்லமிளகு, இடையில் வாழை, முருங்கை, கறிவேம்பு, தரையில் சேம்பும் மஞ்சளும் இஞ்சியும், மண்ணுக்குள் கிழங்குகள். பார்வைக்குக் காடுபோல் தோன்றும் இவ்வமைப்பில் தெளிவான கணக்கு உண்டு. தென்னையின் உணவுறிஞ்சும் வேர்களுள் பெரும்பகுதி அடிமரத்திலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் சுற்றளவுக்குள் அடங்கிவிடும். மரத்துக்கு மரம் 7.5 மீட்டர் இடைவெளி விடுவதால் இடைப்பட்ட நிலம் வேறு பயிருக்கு உரியதாகிறது. ஓலைகளின் ஊடே விழும் சிதறிய வெயில் சேம்புக்கும் இஞ்சிக்கும் போதும். வெட்டவெளி வெயிலைவிட அவற்றுக்கு அதுவே ஏற்றது.

வாழையில் மட்டும் எத்தனை வகை! மட்டி, துளுவன், செந்துளுவன், பேயன், மொந்தன், ஏத்தன், பாளையங்கோட்டான் என அவை நீளும். மட்டி உருவத்தில் சிறியது, மணத்தில் மிக்கது. பச்சிளங்குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழமாக இங்குக் கருதப்படுகிறது. கன்னியாகுமரி மட்டி வாழைப்பழம் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஈத்தாமொழி நெட்டைத் தென்னை அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அத்தகுதியை அடைந்துவிட்டது. வேறு ஊர்களில் சிவப்பு வாழை, செவ்வாழை எனப்படுவதே இங்குச் செந்துளுவன் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

பலா சித்திரை முதல் ஆடி வரை பயன் தரும். இளம்பிஞ்சாகிய இடிச்சக்கை துவரனுக்கு உதவும். முற்றிய காயின் சுளை வேகவைத்து உண்ணப்படும். பழத்தில் சுளை திண்மையானது வருக்கை, குழைவானது கூழன். கொட்டையை மணலில் புதைத்து வைத்தால் மழைக்காலம் முழுவதும் கறிக்கு ஆகும். சுளையை நீக்கிய மடல் மாட்டுக்கு. பழுத்து உதிரும் இலை ஆட்டுக்கு. ஒரு பலாவை வீட்டின் பொது உடைமையாகவே கொண்டனர். அதை வெட்டுவதென்றால் வீட்டார் அனைவரும் கூடிப் பேசுவர்.

கிழங்குகளில் மரச்சீனிக்குத் தனி வரலாறு உண்டு. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பயிரை 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மக்களிடையே பரப்பினார். அதன் அருமை இரண்டாம் உலகப் போரின்போது விளங்கியது. அக்காலத் திருவிதாங்கூர் தன் அரிசித் தேவைக்குப் பர்மாவைப் பெரிதும் நம்பியிருந்தது. 1942-இல் பர்மா சப்பானியர் வசமானதும் அவ்வரவு நின்றது. பங்கீட்டு அரிசி போதாத வீடுகளில் மரச்சீனியே ஒருவேளை உணவாகவும், பல வீடுகளில் இருவேளை உணவாகவும் ஆயிற்று. மரச்சீனியைப் பிடுங்கிப் பத்தாயத்தில் சேமிக்க வேண்டியதில்லை. முதிர்ந்த பின்னும் சில திங்கள் மண்ணிலேயே இருக்கும்; வேண்டும்போது ஒரு மூட்டைப் பிடுங்கினால் போதும். நெல்லைப்போல் ஒரே நாளில் அறுத்தாக வேண்டிய கட்டாயம் இல்லாத பயிர், கூலியாள் வைக்க இயலாத குடும்பத்துக்குப் பெருந்துணை.

பசுவின் கணக்கு

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876-1954) பிறந்த தேரூர் நாஞ்சில் நாட்டு ஊர். பசுவையும் அதன் கன்றையும் பற்றி அவர் எழுதிய குழந்தைப் பாடலைப் பாடாமல் தொடக்கப்பள்ளியைக் கடந்து வந்தவர் தமிழ்நாட்டில் அரியர். அப்பாடலின் பசு கற்பனைப் பசுவன்று. ஒவ்வொரு வீட்டின் பின்புறமும் கட்டப்பட்டிருந்த பசுவே அது.

அப்பசு தின்றது என்ன? பெரும்பகுதி வைக்கோல். மனிதனால் செரிக்க இயலாத நார்ப்பொருள் அது. அசைபோடும் விலங்குகளின் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. அவற்றுள் பெரியதாகிய முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள் நாரைச் சிதைத்துப் பசுவுக்கு ஊட்டமாக்குகின்றன. ஆகவே பசு மனிதனின் உணவுக்குப் போட்டியாக வருவதில்லை. மனிதன் தள்ளியதைத் தின்று பாலாக மாற்றித் தருகிறது. வைக்கோலோடு தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கஞ்சித்தண்ணீரும் வாழைத்தண்டும் சேரும்.

இதை எண்களில் வைத்துப் பார்ப்பது பயனுடையது. சிறிய உருவமுடைய நாட்டுப்பசு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோ வைக்கோல் உண்ணும் எனக் கொண்டால் ஆண்டுக்கு 1,800 கிலோவுக்குச் சற்று மேல் வேண்டும். ஓர் ஏக்கர் வயல் ஒரு பூவில் தோராயமாக 1 டன் வைக்கோல் தரும். இருபூவில் 2 டன். ஆக, ஓர் ஏக்கர் இருபூ வயலுடைய வீடு ஒரு பசுவை விலைக்கு வைக்கோல் வாங்காமல் காப்பாற்றலாம். இனி, அப்பசு நாளொன்றுக்கு 10 கிலோ அளவில் சாணமிட்டால் ஆண்டுக்கு 3,650 கிலோ. மட்கும்போது அதன் எடை வெகுவாகக் குறைந்துவிடும். ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் இடுதல் நன்று என்பது வேளாண் துறையினரின் பரிந்துரை. பசுவின் சாணம் மட்டும் அதற்குப் போதாது. அக்குறையை நிரப்பியது விளை. தொழுவத்தில் பரப்பிய சருகு, கோமியத்தில் ஊறிய வைக்கோற்கழிவு, அடுப்புச் சாம்பல் ஆகியவை உரக்குழியில் சேரும். பூவரசு, புங்கு, சீமைக்கொன்றை ஆகியவற்றின் தழை நேரே சேற்றில் மிதிக்கப்படும். வயல் பசுவுக்குத் தீனி தந்தது. பசுவும் விளையும் சேர்ந்து வயலுக்கு உரம் தந்தன. இம்மூன்றில் ஒன்று விலகினால் மற்ற இரண்டும் தள்ளாடும் என்பது இக்கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

பசு ஈனுவதற்கு ஏறத்தாழ 280 நாள் சுமக்கும். ஆடு 150 நாள். கோழிமுட்டை பொரிய 21 நாள், தாரா முட்டைக்கு 28 நாள். தாரா அடைகாப்பதில் ஆர்வம் குறைந்தது. ஆதலால் தாரா முட்டையைக் கோழிக்கு அடைவைப்பது வழக்கம். ஒரு வாரம் கூடுதலாக அமர்ந்திருந்து பொரித்த குஞ்சுகள் கால்வாயில் இறங்கி நீந்துவதைக் கண்டு, கரையில் நின்று பதறும் தாய்க்கோழியைச் சிற்றூர்ப் பிள்ளைகள் நன்கறிவர்.

நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வரை இடும். பண்ணைக்கெனத் தேர்ந்த இனமோ 300 முட்டையை எட்டும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நாட்டுக்கோழி தோற்றுவிடும். ஆனால் பண்ணைக்கோழிக்குத் தீவனம், கூண்டு, மருந்து அனைத்தும் பணம். நாட்டுக்கோழிக்கோ சிந்திய நெல், கரையான், புழு, எஞ்சிய சோறு. செலவே இல்லாமல் வரும் 70 முட்டைக்கும் செலவு செய்து பெறும் 300 முட்டைக்கும் உள்ள வேறுபாட்டைக் கையில் காசில்லாத வீட்டார் நன்கு அறிந்திருந்தனர்.

தெரிந்து தெளிவோம்

மரச்சீனியின் இலையிலும் தோலிலும் கிழங்கிலும் உள்ள ஒருவகை வேதிப்பொருள், செல்கள் சிதையும்போது ஐதரசன் சயனைடு என்னும் நச்சை வெளிவிடும். கசப்பு வகைகளில் இதன் அளவு மிகுதி. கிழங்கைத் துண்டாக்கி மிகுந்த நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துக் கொட்டும் வழக்கம் இதன்பொருட்டே. பச்சை இலையை மிகுதியாகத் தின்ற ஆடு சிறிது நேரத்திலேயே இறந்துபோவதுண்டு. இலையை வாடவிட்டும் உலர்த்தியும் கொடுத்தால் நச்சுத்தன்மை குறையும். வேதியியல் அறியாக் காலத்திலேயே இதனைப் பட்டறிவால் கண்டறிந்து கைக்கொண்டனர்.

யாருடைய உழைப்பு, யாருடைய உடைமை

இவ்வாழ்முறையை இனிய கனவாக மட்டும் எழுதிவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. விடியுமுன் எழுந்து தொழுவம் கூட்டிச் சாணம் அள்ளுவது, பால் கறப்பது, புல்லறுப்பது, நெல் அவித்துக் காயவைப்பது, உரலில் குற்றுவது ஆகிய அனைத்தும் பெண்களின் தோளில் இருந்தன. மாட்டுக்கு விடுமுறை நாள் கிடையாது. ஆகவே மாட்டைப் பேணுபவருக்கும் கிடையாது. உறவினர் திருமணத்துக்குச் சென்ற பெண் மாலைக் கறவைக்கு வீடு திரும்பியாக வேண்டும். இந்த உழைப்புக்குக் கூலி என்று எழுதப்பட்ட கணக்கு எதுவும் இல்லை. பாலும் முட்டையும் விற்ற சில்லறை மட்டும் சிறுவாடாக அரிசிப்பானைக்குள் சேரும். பிள்ளையின் பள்ளிக்கட்டணமும் திடீர் மருத்துவச் செலவும் பெரும்பாலும் அப்பானையிலிருந்தே வந்தன.

நிலம் யாருக்கு உரியது என்னும் வினா இன்னும் கடுமையானது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள் வழி உரிமை நிலவியது. ஒருவர் இறந்தால் அவரது சொத்து அவருடைய சகோதரியின் ஆண்மக்களுக்குப் போகும். மனைவிக்கும் மக்களுக்கும் 'உகந்துடைமை' என்னும் வரம்புக்குட்பட்ட பங்கே உண்டு. முப்பது ஆண்டு ஒரு தொழுவத்தைக் காத்த பெண், கணவர் மறைந்தபின் அவ்வீட்டைவிட்டு வெளியேற நேரலாம். இக்கொடுமையை நகைச்சுவையும் துயரமும் கலந்து கவிமணி பாடியதே 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்'. 1926-இல் திருவிதாங்கூர் அரசு இயற்றிய சட்டம் இம்முறைக்கு முடிவுகட்ட வழிவகுத்தது. நாஞ்சில் நாட்டு வேளாளரின் வாழ்வியலை எழுத்தாளர் நாஞ்சில் நாடனும் தனிநூலாக விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

வயலில் இறங்கி நட்டு அறுத்தவர்களின் நிலை வேறு. அவர்களுள் பலருக்கு வயலும் இல்லை, விளையும் இல்லை. குடியிருந்த மண்ணும் பிறருடையதாக இருந்தபோது, ஒரு முருங்கைக் கிளை ஊன்றுவதற்கும் அனுமதி வேண்டியிருந்தது. பிறர் நிலத்தில் குடியிருந்த வேளாண் தொழிலாளர்களுக்கு அம்மனையை உரிமையாக்கிய தமிழ்நாட்டுக் குடியிருப்புச் சட்டம் 1971-இல் வந்தது. சில சென்ட் நிலமே ஆனாலும், தன் மண்ணில் நட்ட தென்னையின் காய் தனக்கே என்னும் உறுதியை அது தந்தது. நிலமில்லாதவர் கால்நடை பெறுவதற்கு 'வாரம்' என்னும் ஏற்பாடு உதவியது. வசதியுள்ளவர் ஒரு பெட்டைக் குட்டியையோ கன்றையோ வளர்க்கக் கொடுப்பார். ஈனும் குட்டிகளை இருவரும் பகிர்ந்துகொள்வர். முதற்பங்குக் குட்டி வளர்ந்து ஈன்றதும் வளர்த்தவர் தாமும் உடைமையாளராவார். வங்கிக் கடன் எட்டாத காலத்தில் ஒரு குடும்பம் தலைநிமிர இவ்வழி இருந்தது.

கண்ணிகள் விடுபட்டமை

இவ்வமைப்பு ஒரே நாளில் குலையவில்லை. யாரும் திட்டமிட்டுக் குலைக்கவும் இல்லை. 1960-களில் குட்டை நெல் வகைகள் வந்தன. 1966-இல் வெளியான ஐ.ஆர். 8 அவற்றுள் புகழ்பெற்றது. பசியால் வாடிய நாட்டுக்கு அவை தேவைப்பட்டன, விளைச்சலும் பெருகியது. நாகர்கோவிலை அடுத்த திருப்பதிசாரத்தில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையமும் இம்மாவட்டத்துக்கேற்ற டி.பி.எஸ். வகைகளைத் தந்தது. கட்டிச்சம்பா போன்ற பழைய வகைகள் நெட்டையானவை. அவற்றின் நீண்ட வைக்கோல் மாட்டுக்கும் கூரைக்கும் ஆயிற்று. புதிய வகைகளில் நெல் கூடியது, தாள் குட்டையாயிற்று. பின்னர் அறுவடை இயந்திரம் வந்தது. ஆள் பற்றாக்குறையால் அது தவிர்க்க முடியாததாயிற்று. இயந்திரம் கசக்கித் துப்பும் வைக்கோலை வேறோர் இயந்திரம் கொண்டு கட்டினால்தான் எடுக்க இயலும். இல்லையேல் அது வயலிலேயே மழையில் நனைந்து போகும். வீட்டு முற்றத்தில் யானைபோல் நின்ற வைக்கோற்படப்பு மறையத் தொடங்கியது.

பசுவும் மாறியது. 2 லிட்டர் கறந்த நாட்டுப்பசுவின் இடத்துக்கு 8, 10 லிட்டர் கறக்கும் ஜெர்சிக் கலப்பினம் வந்தது. வருவாய் கூடியது உண்மை. ஆனால் அதற்கு வைக்கோலும் கஞ்சித்தண்ணீரும் போதா. மூட்டைத் தீவனம் வேண்டும். கோமாரி முதலிய நோய்களையும் வெப்பத்தையும் நாட்டு இனத்தளவு அது தாங்குவதில்லை. அண்டை மாநிலமான கேரளத்தில் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுக் காளைகளைக் காயடிக்க வழிசெய்தது. அதன் விளைவாகக் குட்டைப் பசுவாகிய வெச்சூர் இனம் அழியும் நிலையை அடைந்தது. 1989-இல் கேரள வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியர் சோசம்மா ஐப் தம் மாணவர்களோடு ஊர் ஊராகத் தேடி எஞ்சியவற்றைத் திரட்டி அவ்வினத்தைக் காத்தார். அவருக்கு 2022-இல் பத்மஶ்ரீ விருது வழங்கப்பட்டது.

எல்லாவற்றினும் பெரிய மாற்றம் நிலத்தில் நிகழ்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வாழ்ந்தனர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெருக்கம் இது. எழுத்தறிவிலோ மாநிலத்தின் முதல் மாவட்டம். படித்த பிள்ளைகள் வெளிநாடும் வெளியூரும் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணம் வீடாக எழ வேண்டியிருந்தது. வீட்டுக்கு மனை வேண்டும். சென்ட் கணக்கில் மனை விற்றால் கிடைக்கும் தொகையை நெல் எத்தனை பூ விளைந்தாலும் தராது. இதில் எவரையும் குறைகூறுவதற்கில்லை. மகளின் படிப்புக்கு வயலை விற்ற தந்தை தவறு செய்தார் என்று யார் சொல்ல முடியும்? ஆயினும் ஒரு வயல் மேடாக்கப்படும்போது அதனருகில் உள்ள வயலுக்குச் செல்லும் வாய்க்காலும் அடைபடுகிறது. எஞ்சிய வயல் வாழைக்கும் தென்னைக்கும் மாறுகிறது. வைக்கோல் இல்லை, எனவே பசு இல்லை. பசு இல்லை, எனவே உரக்குழி தூர்க்கப்படுகிறது. உரம் கடையிலிருந்து வருகிறது, பால் பாக்கெட்டில் வருகிறது. வீட்டில் முன்பு சுழன்றுகொண்டிருந்த பொருள்கள் இப்போது ஒரு வாசல் வழியே பணத்துக்கு வந்து மறுவாசல் வழியே குப்பையாக வெளியேறுகின்றன.

ஒற்றைப் பயிரை நம்புவதன் இடரை 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் காட்டியது. கடலில் மீனவர் பலர் உயிரிழந்த அப்பேரிடரில், நிலத்தில் வாழையும் ரப்பரும் தென்னையும் சாய்ந்தன. குத்தகை நிலத்தில் கடன் வாங்கி வாழை மட்டும் வைத்தவருக்கு ஓர் ஆண்டின் வருவாய் ஓர் இரவில் போயிற்று. காற்று வாழையைச் சாய்க்கும். சேனையை அது தொடுவதில்லை. பல அடுக்கு விளையில் சில அடுக்குகள் தப்பும். முன்னோர் பலவற்றை நட்டது பல சுவைக்காக மட்டுமன்று.

இன்றைய நிலை

உலகளவில் நோக்கினும் சிறுநில உழவே பெரும்பான்மை. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பைச் சார்ந்த ஆய்வாளர்களின் கணிப்பின்படி உலகப் பண்ணைகளுள் 84 விழுக்காடு 2 எக்டேருக்கும் குறைந்தவை. உலக வேளாண் நிலத்தில் 12 விழுக்காட்டளவையே கொண்டுள்ள அவை, உணவில் ஏறத்தாழ 35 விழுக்காட்டை விளைவிக்கின்றன. 2019 முதல் 2028 வரையிலான காலத்தைக் குடும்ப வேளாண்மைக்கான பத்தாண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்துள்ளது. இந்தியாவில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஓர் உழவரின் சராசரி நிலம் 1.08 எக்டேர், தமிழ்நாட்டில் 0.75 எக்டேர். ஆகவே சிறுநிலத்தில் எவ்வாறு வாழ்வது என்பது பழங்கதையாகிவிடவில்லை.

குமரி மாவட்டத்தில் 10 சென்ட் வளாகத்திலும் இரண்டு தென்னை, ஒரு முருங்கை, சில வாழை, ஐந்தாறு கோழி வைத்திருக்கும் வீடுகள் இன்றும் பல. சாண எரிவாயுக் கலன் அமைக்கக் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கைவள அபிவிருத்தித் திட்டம் நெடுங்காலமாகப் பயிற்சியளித்து வருகிறது. மாடில்லாத வீடுகளுக்கெனச் சமையற்கழிவிலிருந்து எரிவாயு தரும் 'சக்தி சுரபி' என்னும் கலனையும் அது உருவாக்கியது. கலனிலிருந்து வெளிவரும் கரைசல் வாழைக்கு உரமாகிறது. கோழிகளின் வெள்ளைக்கழிச்சலுக்கும் மாடுகளின் கோமாரிக்கும் கால்நடை மருந்தகங்களில் தடுப்பூசி போடப்படுகிறது. முன்பு ஒரே வாரத்தில் ஊர்க்கோழி முழுவதையும் வாரிச்சென்ற நோய் இது. பழைய முறையில் இல்லாத இப்பாதுகாப்பு இன்றைய வளர்ப்பாளருக்கு வாய்த்த பேறு. மலையடிவாரத்தில் மட்டும் மரச்சீனி நடுவோர் தயங்குகின்றனர். காட்டுப்பன்றி ஒரே இரவில் விளையைக் கிளறிவிடுகிறது.

பொங்கல் நெருங்கும்போது நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் கிழங்குகள் குவியும். சிறுகிழங்கு, சேனை, காய்ச்சில், சேம்பு ஆகியவற்றைப் பொங்கலன்று படைத்துக் கூட்டுக்கறி வைப்பது தென்மாவட்ட வழக்கம். விலைக்கு வாங்குவோரே இன்று மிகுதி. எனினும் அடுக்களையில் காய்ச்சிலை அரியும் முதியவர்கள் முதலில் அதன் தலைப்பகுதியைத் துண்டித்துத் தனியே எடுத்துவைக்கின்றனர். முளை அங்கிருந்தே விரைவில் வரும். வெட்டுவாயில் சாம்பலோ சாணப்பாலோ தடவி நிழலில் போட்டுவைத்தால் மாசி முழுநிலவை ஒட்டி நடலாம். முதல் மழைக்குக் கொடி எழும். அருகில் ஒரு மரம் இருந்தால் போதும், அதுவே பற்றி ஏறிக்கொள்ளும்.